ஸ்பான்சரா, நன்கொடையா, மானியமா? பணம் கேட்டுக் கடிதம் எழுதும் முன்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளராகவோ பொருளாளராகவோ வந்திருக்கிறீர்களா? முதல் கூட்டத்திலேயே இந்த வேலை உங்கள் தலையில் விழும்: “நாலு கம்பெனிக்கு ஸ்பான்சர் லெட்டர் போடுங்க.” உடனே பழைய கோப்பில் கிடக்கும் கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கடிதத்தின் தலைப்பில் ஸ்பான்சர் என்றிருக்கும், முதல் பத்தியில் நன்கொடை வரும், கடைசி வரியில் “மானியம் வழங்கி உதவுமாறு” கேட்டிருக்கும். எழுதியவருக்கு மூன்றும் ஒன்றுதான். பணம் தரும் இடத்திலோ மூன்றும் வெவ்வேறு மேசைக்குப் போகும், வெவ்வேறு ஆவணம் கேட்கும், வெவ்வேறு வரிக் கணக்கில் சேரும். எந்த மேசைக்கு அனுப்புவது என்று தெரியாத கடிதம் முதல் மேசையிலேயே கிடக்கும்.

1. எந்தப் பணம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்பான்சர்ஷிப், மலாயில் தாஜாஆன் அல்லது பெனாஜாஆன். இது கொடுக்கல் வாங்கல். அவர்கள் பணம் தருகிறார்கள், நீங்கள் அவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் மேடையிலும் விழா மலரிலும் காட்டுகிறீர்கள். நிறுவனம் இதைப் பெரும்பாலும் விளம்பரச் செலவாக எழுதிக்கொள்ளும். அதனால் கடிதம் மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போகும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி “எத்தனை பேர் வருவார்கள், எங்கள் பெயர் எங்கே வரும்?” என்பதுதான். உங்கள் சேவையின் உயர்வைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தால் அது அந்த மேசையில் செல்லாது.

நன்கொடை, மலாயில் சும்பாங்கான் அல்லது டெர்மா. கைம்மாறு இல்லாமல் தருவது. இங்கேதான் வரி குறுக்கே வரும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்த ரொக்க நன்கொடைக்குத்தான் கொடுத்தவர் வரிக்கழிவு கேட்க முடியும். அதிலும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. உங்கள் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லையென்றால், நிறுவனத்துக்கு அந்த நன்கொடையால் வரியில் ஒரு காசும் குறையாது. அங்கீகாரம் இல்லாத சங்கம் நிறுவனங்களிடம் ஸ்பான்சர்ஷிப் கேட்பதும், தனிமனிதர்களிடம் நன்கொடை கேட்பதும் நல்லது. “வரிவிலக்கு ரசீது தருவோம்” என்று பழைய கடிதத்தில் இருந்தால், அந்த வாசகத்தை விட்டுவைக்கும் முன் அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். அங்கீகாரக் காலம் முடிந்துபோன சங்கங்களும் அதே வாசகத்தை அச்சிட்டுக்கொண்டிருப்பதுண்டு. மாட்டிக்கொள்வது கொடுத்தவர்தான், அடுத்த முறை அவர் உங்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

மானியம், மலாயில் கெரான். அரசோ அறநிறுவனமோ தன் நோக்கத்துக்கு ஏற்ற திட்டத்துக்கு நிபந்தனையோடு தருவது. கடிதம் போதாது. படிவம், கெர்த்தாஸ் கெர்ஜா என்ற திட்ட அறிக்கை, பிறகு செலவுக் கணக்கு எல்லாம் உண்டு. இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா, கோலாலம்பூரில் கலை நிகழ்ச்சிகளுக்கு செண்டானா, பினாங்கில் தொடங்கிய நகரப் புத்துயிர்ப்பு அமைப்பான திங்க் சிட்டி போன்றவை இந்த வகை. விண்ணப்பம் திறந்திருக்கும் காலத்தில்தான் கேட்க முடியும். பெரும்பாலான மானியங்கள், ஒப்புதலுக்கு முன் செய்த செலவை ஏற்காது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு அதையும் சேர்த்து விண்ணப்பித்தால் அந்தச் செலவை அடித்துவிடுவார்கள்.

ஒதுக்கீடு, மலாயில் பெருன்துக்கான். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலிருந்து தருவது. இதை மானியம் என்றோ ஸ்பான்சர் என்றோ எழுத வேண்டாம். “பெர்மோஹோனான் பெருன்துக்கான்” அல்லது “பெர்மோஹோனான் சும்பாங்கான்” என்று எழுதினால் சேவை மையத்தில் புரிந்துகொள்வார்கள்.

உபயம் என்பது கோயிலுக்கு உரியது. திருவிழா நாள் உபயம், அன்னதான உபயம் எல்லாம் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே சொல்லை வைத்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினால், சமய நிகழ்ச்சிக்குப் பணம் தருவதில்லை என்ற நிறுவனக் கொள்கையில் போய் முட்டும். பினாங்குத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்கள் இதைச் சமாளிக்கும் முறை எளிது: சாமி காரியத்துக்கு உபயதாரர், பந்தல், குடிநீர், துப்புரவுக்கு ஸ்பான்சர் என்று இரண்டு கடிதமாகப் பிரித்துவிடுவார்கள்.

கடைசியாக, நிதியுதவி. இந்தச் சொல்லைத்தான் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். செய்தித்தாளில் “இந்திய வணிகர்களுக்கு நிதியுதவி” என்று வரும் பலவும் கடன்தான். தெக்குன் நேஷனலின் ஸ்பூமி, அமானா இக்தியாரின் பென், பேங்க் ராக்யாட்டின் பிரிஃப்-ஐ ஆகிய மூன்று திட்டங்களும் திருப்பிச் செலுத்த வேண்டியவை. மலாய்ப் படிவத்தில் பிஞ்சாமான் என்றோ பெம்பியாயாஆன் என்றோ இருந்தால் அது கடன். பெம்பியாயாஆன் என்ற சொல் இஸ்லாமிய வங்கி முறைக் கடனுக்கும் வருவதால், “வட்டி” என்ற சொல் படிவத்தில் இல்லையே என்று இலவசமாக நினைத்துவிடாதீர்கள். இவை தொழில் செய்பவருக்கானவை, சங்க நிகழ்ச்சிக்கு அல்ல.

பிள்ளைகளின் படிப்பில் சொற்கள் வேறு மாதிரி. “தாஜாஆன் ஜேபிஏ” என்றால் அரசின் பொதுச் சேவைத் துறை தரும் உபகாரச் சம்பளம், அதற்கு ஒப்பந்தமும் பிணையாளரும் உண்டு. பிடிபிடிஎன் என்ற உயர்கல்வி நிதி தருவது கடன். பல்கலைக்கழகப் படிவத்தில் “ஸ்பான்சர் யார்?” என்று கேட்டால் கட்டணம் கட்டுபவர் யார் என்றுதான் பொருள், அப்பாவின் பெயரையே எழுதலாம்.

2. கோப்பைத் தயார் செய்யுங்கள்

கடிதத்துக்கு முன் இது. பதில் வந்த பிறகு ஆவணம் தேடினால் இரண்டு வாரம் போய்விடும். ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள்:

பதிவுச் சான்றிதழ். பொதுச் சங்கம் என்றால் சங்கப் பதிவிலாகா தந்தது, இளைஞர் அமைப்பு என்றால் இளைஞர் அமைப்புப் பதிவகம் தந்தது, விளையாட்டுச் சங்கம் என்றால் விளையாட்டு ஆணையர் அலுவலகம் தந்தது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இந்த மூன்றிலும் வராது. அதற்குத் தலைமையாசிரியரின் கடிதமும் கல்வி இலாகாவில் செய்த பதிவும் வேண்டும்.

நடப்பு நிர்வாகக் குழுப் பட்டியல். சங்கப் பதிவிலாகாவின் ஈரோசஸ் இணையத்தளத்தில் இருக்கும் பெயர்களும் கடிதத்தில் கையெழுத்திடுபவரும் ஒத்துப்போக வேண்டும். தேர்தல் முடிந்து ஆண்டறிக்கையை இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்றால், புதிய தலைவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. வங்கியும் அதையேதான் சொல்லும்.

சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு அறிக்கையின் முதல் பக்கம், வருமான வரி எண், கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு, நிகழ்ச்சியை நடத்த முடிவெடுத்த கூட்டக் குறிப்பின் நகல். வருமான வரி எண் எதற்கு என்று பல பொருளாளர்கள் கேட்பார்கள். 2024 ஆகஸ்டில் மின்-இன்வாய்ஸ் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிய பிறகு, வரி எண் இல்லாத அமைப்பைப் பணம் பெறுபவராகத் தங்கள் கணினியில் சேர்க்கவே சில நிறுவனங்கள் மறுக்கின்றன.

இத்துடன் ஊழலின்மை உறுதிமொழி ஒன்றும் கேட்கலாம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஊழியரோ முகவரோ லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்பதால், ஸ்பான்சர்ஷிப்பும் நன்கொடையும் அவர்கள் கூர்ந்து பார்க்கும் இனங்கள். கையெழுத்திட்டுக் கொடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

3. கணக்கைப் போடுங்கள், பிறகு படிநிலையைப் பிரியுங்கள்

பலர் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தொகையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு செலவைப் பொருத்துவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு பேச்சுக்கு, 300 பேர் வரும் கலைவிழாவுக்கு 30,000 ரிங்கிட் திட்டம் என்று வைத்துக்கொள்வோம்: மண்டபமும் ஒலி ஒளியும் 9,000, உணவு 8,000, மலர் அச்சு 4,500, பரிசு 4,000, போக்குவரத்து 2,000, அறிவிப்பாளர் முதலிய சில்லறை 1,000, எதிர்பாராச் செலவு 1,500.

வரவு இப்படி இருக்கலாம்: முதன்மை ஸ்பான்சர் ஒருவர் 10,000. துணை ஸ்பான்சர் மூவர், ஆளுக்கு 3,000. மலரில் முழுப்பக்க விளம்பரம் 500 வீதம் எட்டு, அரைப்பக்கம் 300 வீதம் பத்து. இதுவே 26,000. மீதி 4,000 தனியார் நன்கொடை. முதன்மை ஸ்பான்சரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பாதிக்கு மேல் ஒருவரை நம்பினால், அவர் கடைசி நேரத்தில் பின்வாங்கும்போது நிகழ்ச்சியே சாய்ந்துவிடும்.

படிநிலைக்கு என்ன தருவீர்கள் என்பதை அளந்து எழுதுங்கள். “தகுந்த விளம்பரம் தரப்படும்” என்றால் யாருக்கும் புரியாது. “மேடைப் பின்திரையில் சின்னம், வாசலில் 2க்கு 5 அடி பண்டிங் (நெட்டுப் பதாகை) இரண்டு, மலரின் பின்னட்டை, முன்வரிசையில் ஆறு இருக்கை, அறிவிப்பில் மூன்று முறை பெயர்” என்று எழுதுங்கள். சொன்னதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அறிவிப்பாளரிடம் பெயர்ப் பட்டியல் போய்ச் சேராததால் வரும் சண்டைதான் அதிகம்.

ஒரே தொழிலில் இருவரை ஒரே படியில் வைக்கும் முன் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். மஸ்ஜித் இந்தியா சாலையின் இரண்டு நகைக்கடைகளை ஒரே பதாகையில் போட்டுவிட்டு, விழா மேடையில் சமாதானம் பேசுவது கஷ்டம்.

பணமாக இல்லாமல் பொருளாக வருவதையும் கணக்கில் எழுதுங்கள். உணவகம் 200 பேருக்குச் சாப்பாடு தந்தால் அதன் மதிப்பை எழுதி வாங்கி, அந்த மதிப்புக்கான படியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் 3,000 ரிங்கிட்டுக்கு உணவு தந்தவர் பெயர் சின்ன எழுத்தில் போய், 1,000 தந்தவர் பெயர் பெரிதாக வந்துவிடும். 44(6) அங்கீகாரம் உள்ள அமைப்புகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கழிவு ரொக்கத்துக்கு உரியது, அரிசி மூட்டைக்கு வரிக்கழிவு ரசீது எழுதக்கூடாது.

4. யாரிடம், எப்போது

பெரிய நிறுவனம் என்றால் ஆறு மாதத்துக்கு முன், நடுத்தர நிறுவனம் மூன்று மாதத்துக்கு முன், கடைத்தெரு மூன்று நான்கு வாரத்துக்கு முன். ஜனவரியில் ஆண்டு தொடங்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டைச் செப்டம்பர், அக்டோபரிலேயே முடித்துவிடும். ஏப்ரலில் நடக்கும் விழாவுக்குப் பிப்ரவரியில் கேட்டால், “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்பார்கள், அது சாக்கு இல்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எல்லாச் சங்கமும் ஒரே கதவைத்தான் தட்டும். தீபாவளி நிகழ்ச்சிக்கு ஜூனிலேயே கடிதம் போய்விட வேண்டும்.

அரசுப் பணத்துக்கு நவம்பர், டிசம்பர் மோசமான மாதங்கள். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிவதால் கணக்கை மூடும் வேலையில் இருப்பார்கள்.

தொகுதி ஒதுக்கீட்டில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே. அதனால் ஒரு பகுதிக்கு ஒரே யாங் பெர்ஹொர்மாட், அதாவது ஒரே மக்கள் பிரதிநிதிதான். பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதியும் 40 சட்டமன்றத் தொகுதியும் இருப்பதால், ஒரே முகவரிக்கு இருவரிடம் தனித்தனியாகக் கேட்கலாம். ஆனால் ஒரே செலவு இனத்துக்கு இருவரிடமும் கேட்காதீர்கள், இரு அலுவலகமும் பேசிக்கொள்ளும். ஒருவரிடம் ஒலிபெருக்கி வாடகை, மற்றவரிடம் கூடாரம் என்று பிரித்துக் கேட்டால் இருவருக்கும் எளிது. சங்கத்தின் முகவரியோ நிகழ்ச்சி நடக்கும் இடமோ அந்தத் தொகுதிக்குள் இருக்க வேண்டும், உறவு முறையில் பழக்கம் இருப்பது போதாது.

சமயம், கல்வி சார்ந்த உதவிக்குப் பினாங்குக்காரர்களுக்கு பினாங்கு இந்து அறப்பணி வாரியம் என்ற கூடுதல் கதவு உண்டு. கோலாலம்பூரில் அப்படி ஒரு மாநில வாரியம் இல்லை.

5. கடிதம்

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் இணைப்பில் வையுங்கள். கம்பெனிக்கு ஆங்கிலத்தில், அரசு அலுவலகத்துக்கும் தொகுதி அலுவலகத்துக்கும் மலாயில், கடைத்தெருவுக்குத் தமிழில். ஒரே கடிதத்தை மூன்று மொழியில் பெயர்க்காதீர்கள், மூன்று கடிதமாகவே எழுதுங்கள்.

தலைப்பு வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் வரட்டும்: ஸ்பான்சர் என்றால் ஸ்பான்சர்தான். முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எந்தத் தேதி, எத்தனை பேர். இரண்டாவதில் எவ்வளவு தொகை, எதற்கு. “தங்களால் இயன்றதை” என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரிக்குச் சராசரியாகக் கிடைப்பது இரண்டு பச்சை நோட்டும் ஒரு புன்னகையும்தான். மூன்றாவதில் அவர்களுக்கு என்ன கிடைக்கும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், தொடர்புக்கு யார். பதில் தேதியை மலர் அச்சுக்குப் போகும் நாளுக்கு மூன்று வாரம் முன்பாக வையுங்கள்.

பட்டங்களைச் சரிபாருங்கள். டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ மூன்றும் வேறு. பழைய பட்டத்தில் எழுதிய கடிதம் பழைய கோப்பிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். பெனாஊங் என்ற புரவலர் பதவியைப் பணம் வாங்கிக்கொண்டு தருவதாக எழுத வேண்டாம். புரவலர் பெயர் தருகிறார், ஸ்பான்சர் பணம் தருகிறார். இருவரும் ஒருவராகவே இருந்தாலும் இரண்டு கடிதம் போகட்டும்.

சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு எழுதும்போது மட்டும் விளம்பரப் பேச்சைக் குறைத்து, பயனடைவோர் எத்தனை பேர், அதில் பி40 என்ற குறைந்த வருமானக் குடும்பம் எத்தனை என்று எழுதுங்கள். அவர்களுடைய ஆண்டறிக்கைக்கு அந்த எண்தான் தேவை.

6. சரி என்று சொன்ன பிறகு

வாய்மொழி ஒப்புதல் பணமாகாது. மின்னஞ்சலில் தொகை, படிநிலை, பணம் வரும் தேதி மூன்றும் எழுத்தில் வரட்டும். பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போட்டால், கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்பான்சருக்கு நீங்கள் அனுப்புவது இன்வாய்ஸ், பணம் வந்த பிறகு ரசீது. நன்கொடைக்கு இன்வாய்ஸ் கிடையாது, ரசீது மட்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ஸ்பான்சருக்கு நன்கொடை ரசீது கொடுத்தால், அவருடைய கணக்காளர் அதை விளம்பரச் செலவில் சேர்க்கத் தயங்குவார், ரசீது திரும்பி வரும்.

இன்வாய்ஸ் கொடுத்த பிறகு 30 நாள், சில இடத்தில் 60 நாள் ஆகும். நிகழ்ச்சி முடிந்து படங்களைப் பார்த்த பிறகே பணம் தரும் நிறுவனங்களும் உண்டு. மண்டபக்காரரோ முன்பணம் கேட்பார். இடையிலுள்ள ஓட்டையை அடைக்கச் சங்க இருப்பில் என்ன இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மேடையில் கொடுக்கும் பெரிய அட்டைக் காசோலை வெறும் அட்டைதான், அதை வைத்து யாருக்கும் பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

காசோலையில் சங்கத்தின் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கோ தலைவரின் டூயிட்நவ் (மின்பணமாற்று) எண்ணுக்கோ பணம் வாங்காதீர்கள். “அவசரம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்றாலும் வேண்டாம்.

சின்னத்தை வாட்ஸ்அப்பில் வரும் படமாக வாங்காதீர்கள், பின்திரையில் மங்கிப்போகும். வெக்டர் கோப்பு கேளுங்கள். மலர் விளம்பரத்தைப் பிடிஎஃப் கோப்பாக, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் வைத்து வாங்குங்கள். பதாகை பொது இடத்தில் தொங்குமானால் அந்தந்த மாநகராட்சியின் அனுமதி வேண்டும்: கோலாலம்பூரில் டிபிகேஎல், பினாங்குத் தீவில் எம்பிபிபி, செபராங் பிறையில் எம்பிஎஸ்பி. மலாய் எழுத்து முதன்மையாக, பெரிதாக இருக்கட்டும். தமிழை மட்டும் அடித்துக் கொண்டுபோனால் இறக்கச் சொல்வார்கள்.

7. தொடக்கூடாத பணம்

சிகரெட், வேப் நிறுவனங்களின் ஸ்பான்சர்ஷிப் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடை. பள்ளி தொடர்பான நிகழ்ச்சி என்றால் மது, சூதாட்ட நிறுவனங்களையும் தள்ளி வையுங்கள்.

“நான் ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன், 15 விழுக்காடு எனக்கு” என்று வருபவரிடம் சங்கத்தின் கடிதத்தாளைக் கொடுக்காதீர்கள். கடிதத்தாள் போனால் எத்தனை இடத்தில் எவ்வளவு வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியவராது. வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் குலுக்குவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் இளைஞர்களைத் தகரப் பெட்டியோடு அனுப்பும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

8. நிகழ்ச்சி முடிந்ததும்

இரண்டு வாரத்துக்குள் ஸ்பான்சருக்கு இரண்டு பக்க அறிக்கை: வந்தவர் எண்ணிக்கை, அவர்களுடைய சின்னம் தெரியும் நான்கைந்து படம், மலரின் இரண்டு பிரதி, நாளிதழில் வந்த செய்தியின் நகல். பாக்கிப் பணம் இருந்தால் இந்த அறிக்கையோடு இன்வாய்ஸை மறுபடியும் அனுப்புங்கள், தனியாக நினைவூட்டுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

மானியத்துக்கு இன்னும் கறார். அசல் ரசீதுகள், வருகைப் பட்டியல், வங்கி அறிக்கை, மிச்சத் தொகையின் கணக்கு எல்லாம் வேண்டும். சாப்பாட்டுக்கு ஒதுக்கியதைப் பரிசுக்கு மாற்றிச் செலவு செய்திருந்தால், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மிஞ்சிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

சங்கக் கணக்கில் ஸ்பான்சர், நன்கொடை, மானியம், ஒதுக்கீடு நான்கையும் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், தணிக்கையாளர் அப்போது கேட்கும் முதல் கோப்பு இதுதான்.